இடுப்பைப் பிடித்து விடலாம், வயிற்றை உருவக்கூடாது!

மும்பை, பெங்களூர் போன்ற நகரங்களில் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களில், கர்ப்பிணிக்கு முதுகு வலித்தால் பிடித்துவிடத் தாயார் அருகில் இருப்பதில்லை. வேலை முடிந்து வரும் கணவரே அதைச் செய்யலாம். ஆனால் முறை தெரிய வேண்டும்.

5 மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுக்க வைக்கக்கூடாது. கர்ப்பப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும், மயக்கம் வரும். ஒருக்களித்துப் படுக்க வேண்டும். முழங்கால்களுக்கு இடையே தலையணை வைத்தால் இதமாக இருக்கும். தோள், முதுகு, இடுப்பை மென்மையாகத் தேய்த்துவிடலாம்.

"குழந்தையைத் திருப்பிவிடுகிறேன்" என்று யார் வந்தாலும் வயிற்றை உருவ விடக்கூடாது. நஞ்சுக்கொடி பிரிந்து ரத்தப்போக்கு ஏற்படலாம். அது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து.

ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால், உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலைத் தேய்க்கவே கூடாது. கடும் தலைவலி, கண் மங்கல், திடீர் முகவீக்கம் ஆகியவை ரத்தக் கொதிப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். இவற்றுக்கு எண்ணெய் மருந்தல்ல. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

2016-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டப்படி, மாதந்தோறும் 9-ந் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடக்கிறது. அன்று அரை நாள் லீவு போட்டாவது மனைவியை அழைத்துச் செல்லுங்கள்.