பந்து எங்கே திரும்ப வேண்டும்?

பௌலிங் என்றதும் நம் நினைவுக்கு வருவது கிரிக்கெட். ஆனால் அமெரிக்காவில் ஒரு மாணவனிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் அவன் மனக்கண்ணில் தோன்றும் காட்சி வேறு. நீண்ட, வழவழப்பான ஒரு தடம். அதன் மறுகோடியில் முக்கோணமாக நிறுத்திவைத்த 10 கட்டைகள். அவற்றை நோக்கி உருண்டோடும் ஒரு கனத்த பந்து. 1895-இல் நியூயார்க்கில் அமெரிக்கன் பௌலிங் காங்கிரஸ் என்னும் அமைப்பு தோன்றி இந்த ஆட்டத்துக்குப் பொது விதிகளை வகுத்தது. இன்று உலகின் பல நாடுகளில் இது ஆடப்படுகிறது.

இந்த ஆட்டத்துக்கான பந்து விற்கும் கடைக்குள் நுழைந்தால் முதலில் திகைப்புத்தான் ஏற்படும். சுவர் முழுக்கப் பந்துகள். எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு. விட்டம் சுமார் 21.8 சென்டிமீட்டர். எடை 16 பவுண்டுக்கு, அதாவது 7.26 கிலோகிராமுக்கு, மேற்படக் கூடாது என்பது விதி. நிறத்தைத் தவிர வேறு வேற்றுமை கண்ணுக்குத் தெரியாது. விலையோ ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபடும். வாங்குபவரின் விரல்களை அளந்து, அந்த அளவுக்கே பந்தில் துளை போடுவார்கள். துளை விழுந்துவிட்டால் அந்தப் பந்து அவர் கைக்கு மட்டுமே உரியது. பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்க முடியாது. எனவே தேர்ந்தெடுப்பதில் தவறினால் பணம் போனது போனதுதான்.

"இந்தப் பந்து மிக அதிகமாகத் திரும்பும்!" என்று விளம்பரங்கள் முழங்கும். அதிகமாகத் திரும்பும் பந்துதான் நல்ல பந்தா? நாம் பள்ளியில் படிக்கும் இயற்பியலே இதற்கு விடை சொல்லும்.

முதலில் பந்து ஏன் திரும்ப வேண்டும் என்று பார்ப்போம். எல்லைக்கோட்டிலிருந்து முதல் கட்டை வரை தூரம் 60 அடி. தடத்தின் அகலம் நாற்பத்தொன்றரை அங்குலம், அதாவது ஒரு மீட்டரை விடச் சற்றே கூடுதல். இருபுறமும் பள்ளம். ஒவ்வொரு கட்டையும் 15 அங்குல உயரம், சுமார் ஒன்றரைக் கிலோ எடை. வலக்கை ஆட்டக்காரர் பத்தையும் ஒரே வீச்சில் சாய்க்க வேண்டுமானால், பந்து முதல் கட்டைக்கும் அதன் வலப்புறம் பின்னால் நிற்கும் மூன்றாம் கட்டைக்கும் இடையே புக வேண்டும். நன்றாகப் புகுந்த பந்து தானாகச் சாய்ப்பது 1, 3, 5, 9 ஆகிய நான்கு கட்டைகளை மட்டுமே. மற்ற ஆறையும் சாயும் கட்டைகளே ஒன்றையொன்று தட்டி வீழ்த்திவிடுகின்றன!

பந்து கனமானதுதான். ஆனாலும் முதல் கட்டையில் மோதும்போது அது சற்று வலப்புறமாக விலகிவிடுகிறது. நேராக வந்த பந்தானால் இந்த விலகலில் நடுவில் நிற்கும் ஐந்தாம் கட்டையைத் தவறவிடக்கூடும். சுமார் 6 டிகிரி கோணத்தில் இடப்புறம் நோக்கிச் சாய்ந்து வந்தால், விலகிய பிறகும் அது உள்ளே ஊடுருவும். நேராக எறிந்தே இந்தக் கோணத்தைப் பெறலாமா? வலது ஓரத்தின் கடைசி விளிம்பிலிருந்து எறிந்தாலும் பந்து 720 அங்குலத் தூரம் செல்வதற்குள் பக்கவாட்டில் சுமார் 18 அங்குலமே நகர முடியும். கோணம் ஒன்றரை டிகிரிக்குள் அடங்கிவிடும். ஆகவே பந்து வழியில் வளைந்தே தீர வேண்டும்.

வளைப்பது எது?

பந்தில் மூன்று துளைகள் உண்டு. விடும்போது கட்டைவிரல் முதலில் வெளியேறுகிறது. அடுத்த கணம் நடுவிரலும் மோதிரவிரலும் பந்தின் பக்கத்தைச் சுண்டி இழுத்து அதைச் சுழற்றிவிடுகின்றன. பந்து முன்னோக்கி ஓடுகிறது. ஆனால் அதன் சுழற்சி சற்றுப் பக்கவாட்டாக இருக்கிறது. ஓட்டமும் சுழற்சியும் ஒத்துப் போகாததால் அது உருளவில்லை, சறுக்குகிறது. தரையைத் தொடும் புள்ளி வலப்புறம் வழுக்கும்போது, உராய்வு விசை பந்தை இடப்புறம் தள்ளுகிறது. ஓட்டமும் சுழற்சியும் ஒத்துப்போன கணத்தில் சறுக்கல் நின்றுவிடும். அதன்பின் பந்து வளையாது, நேர்கோட்டில் உருளும்.

இதை வீட்டிலேயே காணலாம். ஒரு வளையலைத் தரையில் நிறுத்தி, முன்னோக்கித் தள்ளும்போதே பின்பக்கமாகச் சுழலும்படி சுண்டிவிடுங்கள். கொஞ்ச தூரம் சறுக்கிப் போய்த் திரும்பி உங்களிடமே உருண்டு வரும். பிறகு, கேரம் பலகையில் தூவுவது போல, தரையில் கொஞ்சம் பவுடரைத் தூவிவிட்டு மீண்டும் செய்து பாருங்கள். திரும்பத்தான் செய்யும், ஆனால் அதிக தூரம் சென்ற பிறகே திரும்பும். பவுடர் உராய்வைக் குறைத்ததே காரணம்.

இப்போது ஒரு கணக்கு. உள்ளே எங்கும் சீரான ஒரு திண்மக் கோளம் சறுக்கி முடித்து உருளத் தொடங்கும்போது அதன் திசைவேகம் இரண்டு பகுதிகளால் ஆனது: தொடக்கத் திசைவேகத்தில் 5/7 பங்கு, சுழற்சியால் மேற்பரப்புக்கு இருந்த வேகத்தில் 2/7 பங்கு. (மேல்நிலை வகுப்பு மாணவர்கள் இதைத் தாங்களே நிறுவிப் பார்க்கலாம்.) பந்து வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் செல்கிறது; வினாடிக்கு 5 முறை சுழல்கிறது என்போம். பந்தின் சுற்றளவு சுமார் 68 சென்டிமீட்டர். எனவே மேற்பரப்பின் வேகம் வினாடிக்கு 3.4 மீட்டர். சுழற்சி 45 டிகிரி பக்கவாட்டாக இருந்தால் முன்னோக்கி 2.4, பக்கவாட்டில் 2.4 என்று அது பிரியும். முடிவில் முன்னோக்கிய வேகம் 5.7 + 0.7 = 6.4, பக்கவாட்டு வேகம் 0.7. பந்து தன் பழைய பாதையிலிருந்து ஏறத்தாழ 6 டிகிரி திரும்பியிருக்கும்.

இந்தக் கணக்கில் ஒரு விந்தையைக் கவனித்தீர்களா? உராய்வு எவ்வளவு என்று நாம் கேட்கவே இல்லை! மொத்தம் எவ்வளவு திரும்பலாம் என்பதை ஆட்டக்காரரின் கை, பந்தை விடும்போதே முடிவு செய்துவிடுகிறது. உராய்வு முடிவு செய்வது, அந்தத் திருப்பம் தடத்தில் எந்த இடத்தில் நிகழும் என்பதைத்தான். ஆகவே கடையில் நாம் விலை கொடுத்து வாங்குவது திருப்பத்தை அல்ல. திருப்பம் நிகழும் இடத்தை என்றே சொல்லலாம்.

தடத்தில் எண்ணெய்

இடம் ஏன் அவ்வளவு முக்கியம்? தடம் முழுவதும் ஒரே மாதிரி இல்லை என்பதால்தான். முற்காலத்தில் தடங்களை மேப்பிள், பைன் மரப் பட்டைகளால் அமைத்தார்கள். கனத்த பந்துகள் உரசித் தேயாமலிருக்க அவற்றின் மேல் எண்ணெய் பூசினார்கள். இன்று பெரும்பாலான தடங்கள் செயற்கைப் பலகைகள். ஆயினும் எண்ணெய் பூசுவது நிற்கவில்லை, அதுவே ஆட்டத்தின் ஓர் அங்கமாகிவிட்டது. ஒரு தடத்துக்கு 20 முதல் 30 மில்லிலிட்டர் எண்ணெய்தான். ஒரு சிறு கிண்ணம் கூட நிரம்பாது. அதைப் பொறி ஒன்று முதல் 40 அடிக்கு மெல்லிய படலமாகப் பரப்புகிறது. கடைசி 20 அடி உலர்ந்தே இருக்கும். எண்ணெயில் உராய்வுக் குணகம் சுமார் 0.04, உலர்ந்த பகுதியில் சுமார் 0.2, அதாவது ஐந்து மடங்கு.

நம் உதாரணப் பந்துக்கு எண்ணெயின் மேலேயே சறுக்கல் நிற்க வேண்டுமானால் சுமார் 4½ வினாடி ஆகும். ஆனால் அது கட்டைகளை அடைவதற்கு ஆவதே 2½ வினாடி. ஆகவே தடம் முழுவதும் எண்ணெயாக இருந்தால் பாதித் திருப்பத்துடனேயே கட்டைகளில் போய் மோதும். மாறாக, தடம் முழுவதும் உலர்ந்திருந்தால் ஒரு வினாடிக்குள், முதல் 6 மீட்டரிலேயே, திருப்பம் தீர்ந்துவிடும். மீதி 12 மீட்டரும் 6 டிகிரி சாய்வில் நேராக உருண்டால் பக்கவாட்டில் ஒன்றே கால் மீட்டர் போய்விடும். தடத்தின் அகலமே அவ்வளவு இல்லையே! பந்து இடப்புறப் பள்ளத்தில்தான் விழும். 40 அடி எண்ணெயும் 20 அடி உலர்தரையுமாக இருக்கும்போதுதான் கட்டைகளுக்குச் சற்று முன்னால் திருப்பம் முடிகிறது.

பொதுமக்கள் ஆடும் கூடங்களில் எண்ணெயை நடுவில் அதிகமாகவும் ஓரங்களில் குறைவாகவும் பூசுவது வழக்கம். குறி தவறி வலப்புறம் போன பந்தை உலர்ந்த ஓரம் திருப்பி அழைத்து வரும். நடுவே போனதை எண்ணெய் அதிகம் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்ளும். தாம் நல்ல ஆட்டக்காரர் என்று பலர் நினைத்துக்கொள்வதற்கு இந்த எண்ணெயின் கருணையும் ஒரு காரணம்! கடினமான போட்டிகளில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே எண்ணெய் ஏறத்தாழச் சமமாகப் பரவியிருக்கும்.

பந்தின் தோல்

மிகப் பழைய பந்துகள் லிக்னம் வைட்டே என்னும் கடினமான மரத்தால் செய்யப்பட்டவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெட்டி ரப்பர் வந்தது. பின்னர் பாலியெஸ்டர் என்னும் பிளாஸ்டிக். 1973-இல் டான் மெக்கூன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் தம் பிளாஸ்டிக் பந்துகளை ஒரு கரைப்பானில் ஊறவைத்து மேற்பரப்பை மென்மையாக்கினார். மென்மையான பரப்பு தடத்தை நன்றாகப் பற்றிக்கொண்டது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் தொழில்முறைப் போட்டிகளில் ஆறு பட்டங்களை அவர் வென்றார். மற்றவர்களும் ஊறவைக்கத் தொடங்கினார்கள். எளிதில் தீப்பற்றும் கரைப்பான்களை அறைக்குள் வைத்துக்கொண்டு செய்யும் ஆபத்தான வேலை அது. விரைவிலேயே, பந்தின் கடினத்தன்மை ஓர் எல்லைக்குக் கீழே போகக் கூடாது என்று விதி வந்துவிட்டது.

வேதியியல் வேறு வழி கண்டது. 1980-களின் தொடக்கத்தில் யூரித்தேன் பந்துகள் வந்தன; 1990-களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின் பந்துகள் வந்தன. பின்னதன் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவை எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். உலர்தரையைத் தொட்டதும் பந்து சட்டெனப் பற்றித் திரும்பும்.

பொருளைப் போலவே பரப்பின் சொரசொரப்பும் முக்கியம். உப்புத்தாளால் தேய்த்த பந்தின் நுண்முகடுகள், மழைநீரை விலக்கிச் சாலையைத் தொடும் டயரைப் போல, எண்ணெய்ப் படலத்தை ஊடுருவித் தரையைத் தொடும். பந்து முன்னதாகவே திரும்பும். மெருகேற்றிய பந்து எண்ணெயின் மேல் வழுக்கிச் சென்று தாமதமாகத் திரும்பும். பந்தின் இயக்கத்தைப் பற்றி ஐக்கிய அமெரிக்கப் பௌலிங் காங்கிரஸ் நடத்திய ஆய்வும் மேற்பரப்பின் நுண்சொரசொரப்பையே முதன்மையான காரணிகளில் ஒன்றாகக் கண்டது. இதில் வாங்குபவருக்கு ஓர் ஆறுதல் உண்டு. எடையையும் உள்ளமைப்பையும் மாற்ற முடியாது. மேற்பரப்பை ஓர் உப்புத்தாளால் மாற்றிக்கொள்ளலாம்.

உள்ளமைப்பு என்றோம். பந்தின் உள்ளே அடர்த்தி மிகுந்த ஒரு கரு இருக்கிறது. எடை மையத்தருகே குவிந்திருந்தால் சுழற்சி ஆரம் குறைவு. அத்தகைய பந்து விரைவில் உருளத் தொடங்கும். எடை ஓட்டை ஒட்டி இருந்தால் சறுக்கல் நீளும். சீரான கோளமானால் சுழற்சி ஆரம் 2.72 அங்குலம் வரும். விதிகள் அனுமதிப்பது 2.46 முதல் 2.80 வரை. கரு எல்லாப் பக்கமும் ஒரே வடிவாக இல்லாவிட்டால் பந்தின் சுழல் அச்சு மெல்ல இடம் மாறும். அப்போது ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதிய வளையம் ஒன்று தரையைத் தொடும். திரும்பி வந்த பந்தைப் பாருங்கள். அடுத்தடுத்து விரியும் எண்ணெய்க் கோடுகள் அதன் மேல் தெளிவாகத் தெரியும்.

யாருக்கு எந்தப் பந்து?

இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் வேகமாக எறிபவர்; சுழற்சி குறைவு; அவர் ஆடும் கூடத்தில் எண்ணெய் தாராளம். அவர் எறியும் பந்து திரும்புவதற்குள் கட்டைகள் வந்துவிடும். அவருக்குச் சொரசொரப்பான ரியாக்டிவ் பந்தும் குறைந்த சுழற்சி ஆரமும் உதவும். மற்றவர் மெதுவாக எறிபவர், பலமாகச் சுழற்றுபவர், தடமும் ஓரளவு உலர்ந்தது. அதே பந்தை இவர் எறிந்தால் பாதி வழியிலேயே திருப்பம் செலவாகிவிடும். இவருக்கு யூரித்தேனோ மெருகேற்றிய பந்தோ போதும். விலை கூடிய பந்து இவர் கையில் மோசமாக நடந்துகொள்ளும். ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மோன்டே கட்டைவிரலை நுழைக்காமல் இரு கைகளாலும் பந்தைச் சுழற்றிப் புகழ் பெற்றவர். அவரைப் போன்றவர்களின் சுழற்சி மிக அதிகம். அவர்கள் பயன்படுத்தும் பந்தையே நாமும் வாங்குவதில் பொருளில்லை.

எடையிலும் ஒரு மயக்கம் உண்டு. கனமான பந்து மோதலில் குறைவாக விலகும் என்பது உண்மையே. ஆனால் கை தாங்காத பந்தில் வேகமும் குறையும், சுழற்சியும் குறையும். தொழில்முறை ஆட்டக்காரர்களிலேயே பலர் 16 பவுண்டை விட்டு 15 பவுண்டுக்கு வந்துவிட்டார்கள். வளரும் வயதினர் இன்னும் குறைந்த எடையில் தொடங்குவதே தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நல்லது.

கடைக்குப் போகுமுன், கூடத்தில் கிடைக்கும் பொதுப் பந்துகளைக் கொண்டு சில நாட்கள் ஆடி, கடைசி 20 அடியை மட்டும் கவனிக்க வேண்டும். கட்டைகளை நெருங்கும்போதும் பந்து இன்னும் சறுக்கிக்கொண்டே இருந்தால் இன்னும் பற்றும் பந்து தேவை. நெடுந்தூரம் முன்னதாகவே வளைந்து, பிறகு சோர்ந்தாற்போல் நேராக உருண்டு வந்தால் வழுக்கும் பந்து தேவை. பொதுப் பந்துகள் பெரும்பாலும் கெட்டியான பிளாஸ்டிக் என்பதால், அவற்றையே நன்றாகத் திருப்பக்கூடியவர் வலிமை மிகுந்த பந்தை நாடவே வேண்டியதில்லை.

அதற்காக, அந்தப் பழைய பிளாஸ்டிக் பந்தை ஏளனமாக எண்ணிவிடாதீர்கள். வலது மூலையில் பத்தாம் கட்டை மட்டும் தனித்து நிற்கும்போது திரும்பும் பந்தே எதிரி. பள்ளத்தின் ஓரமாக நூல் பிடித்தாற்போல் செல்லும் பந்துதான் அப்போது வேண்டும். அதனால்தான் பல பந்துகள் கொண்ட தேர்ந்த ஆட்டக்காரர்களின் பையிலும் ஒரு பாலியெஸ்டர் பந்து இருக்கும். கடையில் விலை மிகக் குறைந்தது பெரும்பாலும் அதுதான்.