நெறிகட்டும் முன்பே

விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர்போன ஊர். களிமண்ணோடு குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் பொடிகளைக் கலந்து பீங்கான் செய்கிறார்கள். காய்ந்த பொடியைக் கையாளும்போது எழும் சிலிக்கா தூசு, மூச்சோடு நுரையீரலின் ஆழத்துக்குப் போகிறது. அதை விழுங்கும் காவல் செல்களில் ஒரு பகுதி, நிணநீர்க் குழாய் வழியே மார்புக்குள் இருக்கும் நிணநீர்க் கணுக்களுக்குப் போய்ச் சேர்கிறது. நெடுங்காலம் இந்தத் தூசில் உழைத்தவர்களில் சிலரின் எக்ஸ்ரேயில், கணுக்களின் விளிம்பில் முட்டை ஓடு போலச் சுண்ணாம்பு படிந்திருக்கும். சிலிக்கா தூசு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் உறுதிசெய்தது.

புற்றுநோய் பரவுவதும் பல நேரம் இதே நிணநீர்ப் பாதையில்தான்.

திசுக்களில் கசிந்து நிற்கும் நீரை உறிஞ்சுவதே நிணநீர்க் குழாயின் வேலை. அதனால் அதன் நுனி மிக மெல்லியது. சுவர்ச் செல்களுக்கு நடுவே திறந்து மூடும் இடைவெளிகள் உண்டு. புற்றுச் செல் நுழைய இது வசதி. ஆனால் அது சும்மா வழி தேடிக்கொண்டிருப்பதில்லை, தானே வழி போட்டுக்கொள்கிறது. பல கட்டிகள் விஇஜிஎஃப்-சி என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது பட்டதும் அருகிலுள்ள நிணநீர்க் குழாய்கள் கிளைத்துப் பெருகுகின்றன. பின்லாந்தின் காரி அலிடாலோ குழு 1996இல் அடையாளம் கண்ட புரதம் இது. இன்னொரு தந்திரமும் உண்டு. எதிர்ப்புச் செல்களைத் தம்மிடம் அழைக்கக் கணுக்கள் ஒரு வேதிச் சைகையை அனுப்பும். அதை உணரும் ஏற்பி மார்பகப் புற்றுச் செல்களிலும் இருப்பது 2001இல் தெரியவந்தது. நோயை எதிர்க்க வைத்த அழைப்பையே நோய் பிடித்துக்கொள்கிறது.

ரத்தத்தில் நுழையும் புற்றுச் செல்களில் பெரும்பாலானவை மடிந்துவிடும். நிணநீரில் அவை தப்பிக்க வாய்ப்பு அதிகம். அதிலுள்ள ஒலீயிக் அமிலம் மெலனோமா செல்களைச் சாவிலிருந்து காப்பதை, டெக்சாஸ் ஆய்வாளர்கள் எலிகளில் கண்டு 2020இல் வெளியிட்டார்கள்.

நம் நாட்டுக்கு இது நேரடியாகப் பொருந்துவது வாய்ப்புற்றில். புகையிலை மெல்லும் பழக்கத்தால் இங்கே அது அதிகம். முதலில் பரவுவது பெரும்பாலும் கழுத்துக் கணுக்களுக்கு. கழுத்தில் நெறிகட்டாதவர்களுக்கும் கணுக்களை எடுக்கவேண்டுமா, கட்டியபின் எடுத்தால் போதுமா? மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் அனில் டிக்ரூஸ் குழு இதைச் சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டது. வாய்க்கட்டியோடு கணுக்களையும் எடுத்தவர்களில் மூன்றாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 80 சதவீதம், காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். கைக்குத் தட்டுப்படாத கணுவிலும் புற்று ஏற்கெனவே குடியேறியிருக்கலாம் என்பதால், ஆரம்பநிலை வாய்ப்புற்றிலும் கழுத்து அறுவையைச் சேர்த்தே செய்வதற்கு இந்த ஆய்வு வலுவான ஆதாரமாயிற்று.