டிவிடி வட்டின் பூட்டு: உடைமையும் பயன்பாடும் பற்றிச் சில குறிப்புகள்

விலைக்கு வாங்கிய திரைப்பட டிவிடி ஒன்றை வீட்டுக் கணினியிற் பிரதி செய்து பேண முற்படுவோர் எதிர்கொள்ளும் இடர்பாடுகள், பொதுவாகத் தொழினுட்பப் பிரச்சினைகளாகவே நோக்கப்படுகின்றன. வட்டிற் கீறல் விழுவதும், ஒளியைத் தெறிக்கும் அதன் உலோகப் படலம் காலப்போக்கிற் கெடுவதும் பொருளின் இயல்பு. அது கெடுமுன் பிரதி எடுக்க இயலாமை பொருளின் இயல்பன்று. அது உடைமையுறவின் விளைவு என்பதே எமது கருத்தாகும்.

டிவிடி 1996 இல் யப்பானில் விற்பனைக்கு வந்தது. வணிகத் திரைப்பட வட்டுக்களில் சி.எஸ்.எஸ். எனும் மறையீட்டு முறை கையாளப்படலாயிற்று. இம்முறையிற் படத்தின் தரவுகள் குலைத்து எழுதப்படுகின்றன. அவற்றை மீளக் கூட்டுதற்கான 40 பிற் நீளத் திறவுகோல்கள், வட்டின் உள்விளிம்பில் சாதாரண கோப்பாகத் தென்படாத பகுதியிலும், தரவுக்கூறுகளின் தலைப்பகுதிகளிலும் வைக்கப்பட்டுள்ளன. எனவே கோப்புகளை மாத்திரம் பெயர்த்தெடுப்பவருக்குப் பூட்டிய பெட்டி கிட்டும், திறவுகோல் கிட்டாது. பொதுப் பாவனைக்குரிய பதிவு வட்டுக்களில் அப்பகுதியை எழுதவும் இயலாது.

ஈண்டு ஒரு முரண்பாடு கவனத்திற்குரியது. வட்டு வார்க்கும் ஆலையைத் தம்வசம் வைத்திருக்கும் கள்ளப்பிரதி வணிகர், அப்பகுதியையும் உள்ளவாறே வார்த்துவிடலாம். அவர் பூட்டைத் திறக்க வேண்டியதே இல்லை. அதாவது, திருட்டைத் தடுப்பதற்கெனக் கூறப்படும் இப்பூட்டு, உற்பத்திச் சாதனமற்ற தனியொருவரையே உண்மையில் தடுக்கின்றது. அவர் வாங்கிய பண்டத்தின் பயன்பாட்டுப் பெறுமதி வட்டோடு அழிய, மீண்டும் வாங்குக என்பதே சந்தை அவருக்குத் தரும் விடை.

ஏனைய தடைகளுஞ் சில உள. ஈரடுக்கு வணிக வட்டு 8.5 கிகாபைற் கொள்ளும். மலிவான ஓரடுக்குப் பதிவு வட்டோ 4.7 மாத்திரமே. பின்னாளிற் சில வட்டுக்களில் வேண்டுமென்றே பழுதான கூறுகளும் புகுத்தப்பட்டன. இயக்கி அவற்றைத் தொடாது கடந்து செல்லும். வரிசையாக வாசிக்கும் கணினியோ அங்கே தடைப்பட்டு நிற்கும்.

1999 இல் நோர்வேயைச் சேர்ந்த பதினைந்து வயதினரான யோன் லெக் யொஹான்சன், வேறிருவருடன் சேர்ந்து இம்மறையீட்டை அவிழ்க்கும் நிரலை வெளியிட்டார். வழக்குத் தொடரப்பட்டது. 2003 சனவரியிலும், மேன்முறையீட்டில் அதே ஆண்டு டிசம்பரிலும் அவர் விடுவிக்கப்பட்டார். தாம் வாங்கிய வட்டை அணுகும் உரிமை ஒருவருக்கு உண்டென நீதிமன்றம் கொண்டமை குறிப்பிடத்தக்கது. ஐக்கிய அமெரிக்காவின் 1998 ஆம் ஆண்டுச் சட்டமோ, பிரதி நியாயமானதா என வினவுமுன்னரே பூட்டை மீறுதலைத் தடைசெய்கிறது. அதன்படி, வட்டுப் பிரதி செய்யும் மென்பொருளை விற்ற 321 ஸ்ரூடியோஸ் நிறுவனத்திற்கு எதிராக 2004 இல் தீர்ப்பளிக்கப்பட்டது; அவ்வாண்டே அந்நிறுவனம் மூடப்பட்டது.

2006 இல் அந்நாட்டிற் பல்கலைக்கழகத் திரைப்படத் துறையினருக்கு, வகுப்பறைக்கான படத்துணுக்குகளைத் தொகுக்கும் அளவில் விலக்களிக்கப்பட்டது. தாம் வாங்கிய வட்டைத் தம் பாவனைக்கெனப் பிரதி செய்வதற்குப் பொதுமக்கள் சார்பிற் கோரப்பட்ட விலக்கு 2012 இலும் 2015 இலும் மறுக்கப்பட்டது.