பருந்தினங்களைப் பார்த்தறிதலும் படமெடுத்தலும்

வானத்தில் வட்டமிடும் பறவை எதுவாயினும் அதனைப் ‘பருந்து’ என்று ஒரே பெயரால் அழைப்பது நம் ஊர்களில் வழக்கமாக இருந்து வருகிறது. கோழிக்குஞ்சைத் தூக்கிச் செல்வதும் பருந்துதான். கடலைக் கொல்லையில் எலியைப் பிடித்துத் தின்பதும் பருந்துதான். இதனால் ஒரு பறவை செய்த குற்றத்துக்கு வேறொரு பறவை கல்லடி படுகிறது. வரவைப் பற்றென்று எழுதும் கணக்கு எந்தச் சங்கத்துக்கும் ஆகாது. நமக்கு வரவாக உள்ள பறவை எது, பற்றாக உள்ளது எது என்பதை அறிந்துகொள்ளும் வழியையும், அறிந்ததைப் புகைப்படத்தால் உறுதி செய்யும் முறையையும் அங்கத்தினர்களின் பொருட்டு இங்கே சுருக்கமாகக் கூறுவோம்.

தருமபுரி மாவட்டம் இப்பறவைகளுக்கு மிகவும் ஏற்ற இடமாகும். கேழ்வரகும் கடலையும் விளையும் திறந்த மானாவாரி நிலங்கள், சித்தேரி, வத்தல்மலை, தீர்த்தமலை ஆகிய மலைகள், ஒகேனக்கல்லை அடுத்த காவிரிக்கரைக் காடுகள், பஞ்சப்பள்ளி, வாணியாறு, தொப்பையாறு அணைகள் ஆகிய யாவும் இங்கே அமைந்துள்ளன. வெர்னே என்பவரின் பொருளுதவியால் 1929-30இல் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் நடந்த பறவை ஆராய்ச்சி, அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சித்தேரி மலையிலும் நடைபெற்றது. அக்காலத்தில் பறவையைச் சுட்டு வீழ்த்தி, தோலைப் பாடம் செய்து வைத்தே இனத்தை உறுதி செய்வார்கள். இன்று அந்த வேலையை ஓர் உயிருக்கும் கேடின்றிக் காமிரா செய்து விடுகிறது.

இனம் காண விரும்புவோர் முதலில் நிறத்தைப் பார்க்கலாகாது. வெளிச்சமான வானத்தின் எதிரே எல்லாப் பறவைகளும் கறுப்பாகவே தோன்றும். மேலும், இளம் பறவையின் நிறம் ஒன்றாகவும் வளர்ந்த பறவையின் நிறம் வேறாகவும் இருப்பதுண்டு. சிறகின் வடிவம், வாலின் முனை, பறக்கும் விதம் ஆகிய மூன்றையும் முதலில் நோக்க வேண்டும். கரையையும் முந்தானையையும் கண்டமாத்திரத்தில் சேலையின் ரகத்தைச் சொல்லிவிடும் நெசவாளருக்கு இது கடினமான வேலை அன்று.

ஊர்ப்பருந்தின் வால் நுனியில் பிளவுபட்டிருக்கும். கருடன் எனப்படும் செம்பருந்துக்கு வால் நுனி வட்டமானது. தலையும் மார்பும் வெண்மை, ஏனைய பகுதி செங்கல் நிறம். வல்லூறு புறாவின் அளவே உள்ளது. குட்டையான வட்டச் சிறகும் நீண்ட வாலும் உடையது. சில தடவை விரைவாகச் சிறகடித்துப் பின் சற்றுத் தூரம் மிதந்து செல்லும். வளர்ந்த வல்லூற்றின் மார்பில் நெருக்கமான செம்பழுப்புக் கோடுகள் குறுக்கே ஓடும். ஓணான், எலி, வெட்டுக்கிளி, சிறு பறவைகள் ஆகியவை அதன் உணவு.

கருந்தோள் பருந்து குடியானவரின் உற்ற நண்பன். காக்கையைவிடச் சற்றுச் சிறிய இப்பறவை, வெண்மையும் சாம்பலும் கலந்த உடலும் கறுத்த தோளும் சிவந்த கண்ணும் கொண்டது. வயலுக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, எலியைக் கண்டதும் சிறகுகளை மேலே தூக்கியபடி கீழே இறங்கும். எலியும் சுண்டெலியுமே இதன் முக்கிய உணவு. இதைப் போலவே அந்தரத்தில் நின்று இரை தேடும் மற்றொன்று சிற்றெழால். ஆனால் அதன் முதுகு செங்கல் நிறமாகவும் சிறகு நீண்டு கூராகவும் இருக்கும். குளிர்காலத்திலேயே அதனை இங்குக் காணலாம்.

குளிர்காலத்தில் மத்திய ஆசியா போன்ற தொலை நாடுகளிலிருந்து பூனைப்பருந்துகளும் வருகின்றன. இவை சிறகுகளைச் சற்றே மேல்நோக்கி வைத்துக்கொண்டு, பயிருக்கு மேலே தாழ்வாக மிதந்து, வெட்டுக்கிளி முதலியவற்றைத் தேடும். இரவில் புல்தரையிலேயே தங்கும். காடுகளுக்கு மேலே உரக்கக் குரல் கொடுத்து வட்டமிடுவது கொண்டைப் பாம்புக் கழுகு. அதன் கருஞ்சிறகின் அடிப்புறத்தில் அகன்ற வெள்ளைப் பட்டை தெளிவாகத் தெரியும். பெரிய நீர்நிலைகளில் குளிர்காலத்தில் மீன் பிடிக்க வரும் விரால் அடிப்பானையும் அறிந்து வைத்திருத்தல் நன்று.

இவற்றுள் கோழிக்குஞ்சைத் தூக்குபவை பெரும்பாலும் ஊர்ப்பருந்தும் வல்லூறுமே. அதற்கும் கல்லும் கவணும் மருந்தல்ல. குஞ்சுகள் சிறியனவாக இருக்கும்போது பஞ்சாரத்திலோ வலைக்கு அடியிலோ வைத்துக் காப்பதே போதும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்பறவைகளைக் கொல்வதும், முட்டையை எடுப்பதும், பிடித்து வளர்ப்பதும் குற்றமாகும்.

இனிப் படமெடுக்கும் முறையைக் காண்போம். காலை வேளையே சிறந்தது. வெயில் ஏறித் தரை சூடான பின்னரே வெப்பக்காற்று மேலெழும். அதைப் பற்றிக்கொண்டு பெரிய பறவைகள் மிக உயரத்துக்குச் சென்றுவிடும். அதற்கு முன் அவை மரத்திலோ கம்பத்திலோ அமர்ந்திருக்கும். சூரியன் நமது முதுகுக்குப் பின்னே இருக்குமாறு நிற்க வேண்டும். பறக்கும் பறவைக்கு வினாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவான வேகம் வேண்டும். வானம் பின்னணியாக இருக்கும்போது ஒளியளவை ஒரு படி கூட்டினால்தான் சிறகின் அடிப்புறக் குறிகள் படத்தில் விழும். 300 அல்லது 400 மில்லிமீட்டர் லென்ஸ் உடையவர்களுக்கு வேலை எளிது. அஃது இல்லாதவர்கள் பைனாகுலரின் கண்ணாடியோடு கைப்பேசியை ஒட்டி வைத்து எடுக்கலாம். அழகு குறைந்தாலும் அடையாளத்துக்கு அது போதுமானது.

ஒரே ஒரு நல்ல படத்துக்காகக் காத்திராமல், சிறகு விரிந்த அடிப்புறம், முதுகுப்புறம், வால், முகம் ஆகிய எல்லாவற்றையும் எடுத்தல் வேண்டும். நாள், நேரம், இடம், பறவை செய்துகொண்டிருந்த செயல் ஆகியவற்றை அன்றே எழுதி வைக்க வேண்டும். கூட்டை மட்டும் நெருங்கலாகாது. தாய்ப்பறவை அஞ்சி எழுந்தால் முட்டையும் குஞ்சும் வெயிலில் வாடும். காக்கைக்கு இரையாகவும் கூடும்.

இத்தகைய பதிவினால் என்ன பயன் என்று சிலர் வினவலாம். பிணந்தின்னிக் கழுகுகளின் வரலாறே அதற்கு விடை. 1990களின் தொடக்கத்தில் வட இந்தியாவில் இக்கழுகுகளை எண்ணி வைத்திருந்தார்கள். 2000இல் அதே முறையில் மீண்டும் எண்ணியபோதுதான் இழப்பின் அளவு தெரியவந்தது. வெண்முதுகுக் கழுகு 1992க்கும் 2007க்கும் இடையில் 99 விழுக்காட்டுக்கும் மேலாகக் குறைந்துவிட்டது. மாடுகளுக்கு வலிநீக்கியாகக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்னும் மருந்தே காரணம் என்று 2004இல் வெளியாயிற்று. அம்மருந்து உடலில் தங்கியிருந்த மாட்டின் இறைச்சியை உண்ட கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மாண்டன. கால்நடைகளுக்கு அதனைத் தருவதை இந்திய அரசு 2006இல் தடை செய்தது. 2023இல் கீட்டோபுரொஃபென், அசெக்ளோஃபினாக் ஆகியவையும் தடை செய்யப்பட்டன. பழைய எண்ணிக்கை எழுதி வைக்கப்படாதிருந்தால் அழிவு நேர்ந்ததை மெய்ப்பிக்கவும் வழியிராது.

ஆதலின் கறவை மாடு வைத்திருக்கும் அங்கத்தினர்கள், வலிநீக்கி தேவைப்படும்போது, கழுகுகளுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகாம் மருந்தைப் பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேட்டல் நலம். வயலில் எலிக்கு நஞ்சு வைப்பவர்கள், செத்த எலிகளை அன்றன்றே பொறுக்கி ஆழப் புதைக்க வேண்டும். நஞ்சுண்டு தடுமாறும் எலி, எளிதில் அகப்படும் இரையாகும். அதைத் தின்று ஒரு கருந்தோள் பருந்து மாண்டால், அது பின்னர் பிடித்திருக்கக்கூடிய எலிகள் யாவும் நமது விளைச்சலுக்கே திரும்பும். நஞ்சுக்குப் பதிலாக வயலில் பறவை தாங்கிக் கம்புகளை நட்டு, பகலில் பருந்துக்கும் இரவில் ஆந்தைக்கும் இடமளிப்பது செலவில்லாத முறையாகும்.

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் திருநாளையொட்டிப் பறவைகள் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. பொதுமக்கள் எவரும் அதில் சேரலாம். பூனைப்பருந்தும் சிற்றெழாலும் நமது கொல்லைகளில் தங்கியிருக்கும் காலமும் அதுவே. அங்கத்தினர்கள் தத்தம் நிலத்தில் கால்மணி நேரம் நின்று, கண்டதை எண்ணி எழுதி, இயன்றால் படமும் எடுத்துச் சேர்ப்பார்களாயின், தருமபுரி மாவட்டத்துப் பருந்துகளின் கணக்கும் பிழையின்றி எழுதப்படும்.