அவதிப் புள்ளியில் ஏகபரிமாணமாக்கல்: அதன் பயனும் எல்லையும்

இயற்கையில் ஒன்றையொன்று பாதிக்கும் கணியங்களின் மாற்றத்தைக் கூறும் வகையீட்டுச் சமன்பாடுகள் பெரும்பாலும் ஏகபரிமாணமற்றவை. அவற்றுக்கு வெளிப்படையான தீர்வு காண்பது அரிது. மாற்றவீதங்கள் யாவும் பூச்சியமாகும் நிலை அவதிப் புள்ளி எனப்படும். அப்புள்ளிக்கு அண்மையில், விலகல்களின் முதற்படி உறுப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு உயர்படி உறுப்புகளை நீக்குவதே ஏகபரிமாணமாக்கல். நீக்கப்படுபவை சிறியனவே, ஆயின் சிறியன யாவும் புறக்கணிக்கத்தக்கனவா என்பதே ஈண்டு நாம் ஆராயும் வினா.

ஒரு வரலாற்று உதாரணத்தை நோக்குவோம். அதிரியாற்றிக் கடலின் பியூமே துறைமுகத்தில் பிடிபட்ட மீனில் சுறா, திருக்கை போன்ற ஊனுண்ணிகளின் பங்கு 1914இல் 11.9 சதவீதம், மீன்பிடி குன்றிய போர்க்காலத்தின் இறுதியாண்டான 1918இல் 36.4 சதவீதம், 1923இல் 10.7 சதவீதம். உயிரியலாளர் உம்பேர்த்தோ டன்கோனா எடுத்துக்காட்டிய இவ்வேறுபாட்டை விளக்கவே இத்தாலியக் கணிதவியலாளர் வீத்தோ வொல்ரெரா 1926இல் தம் சமன்பாடுகளை வெளியிட்டார். லொட்கா தனித்து இவற்றை முன்னரே கண்டிருந்தார்.

இரைமீன்தொகை ப எனவும் ஊனுண்ணித்தொகை ம எனவும் கொள்வோம். அ, ஆ, இ, ஈ நேர் மாறிலிகளாயின், ப மாறும் வீதம் ப × (அ − ஆ × ம). ம மாறும் வீதம் ம × (ஈ × ப − இ). அவதிப் புள்ளிகள் இரண்டு. இரு தொகைகளும் பூச்சியமாகும் புள்ளியில், பகுதிப் பெறுதிகளாலான தாயத்தின் ஐகன் பெறுமானங்கள் அ, −இ என்பன. ஒன்று நேர், மற்றது மறை. ஆகவே அது உறுதியற்ற சேணப் புள்ளி. மற்றைய புள்ளி ப = இ/ஈ, ம = அ/ஆ. மீன்பிடி இரு இனங்களையும் குறைப்பதால் அ குறையும், இ கூடும். எனவே இப்புள்ளியில் இரைமீன் பெருகி ஊனுண்ணி அருகும். மீன்பிடி குன்றிய போர்க்காலத்தில் இதன் மறுதலை நிகழ்ந்தது.

இவ்விரண்டாம் புள்ளியில் ஐகன் பெறுமானங்கள் மெய்ப்பகுதியற்ற தூய கற்பனை எண்கள். ஏகபரிமாணத் தொகுதி மூடிய நீள்வளையங்களைத் தருகிறது. ஆனால் குரோப்மன் 1959இலும் ஹாட்மன் 1960இலும் நிறுவிய தேற்றம், எல்லா மெய்ப்பகுதிகளும் பூச்சியமல்லாதவிடத்தே ஏகபரிமாணப் படம் மூலத் தொகுதியின் பண்பை உண்மையாகக் காட்டும் என்கிறது. மெய்ப்பகுதி பூச்சியமாகும் இவ்விடத்தில் அத்தேற்றம் துணைசெய்யாது. வொல்ரெராவின் பாதைகள் மூடியவையே; அதற்குக் காரணம் பாதை நெடுகிலும் மாறாதிருக்கும் ஒரு கணியம் உண்டென்பதே.

அம்மூடிய பாதைகள் எளிதில் குலைவன. இரைமீன்கள் தமக்குள் உணவுக்குப் போட்டியிடும் எனச் சிறியதோர் உறுப்பைச் சேர்ப்பின் பாதைகள் உள்நோக்கிச் சுருண்டு சமநிலையை அடையும். அதற்குப் பதிலாக, ஊனுண்ணி உண்ணும் அளவுக்கு வரம்புண்டு எனக் கொள்ளின் அவை வெளிநோக்கிச் சுருளும். இரு சேர்க்கைகளும் எத்துணை சிறியனவாயினும் முடிவு மாறிவிடுகிறது.

ஓர் அதிர்ச்சிக்குப் பின் மீன்வளம் தானே மீளுமா என்பது கடலை நம்பி வாழும் மக்களின் உணவையும் தொழிலையும் தீர்மானிக்கும் வினா. மெய்ப்பகுதிகள் யாவும் மறையாயின், சிறு விலகலுக்கு ஏகபரிமாணமாக்கல் அதற்கு நம்பத்தக்க விடை தரும். பெரு விலகலுக்கு அன்று. மெய்ப்பகுதி பூச்சியமாயின், நாம் நீக்கிய உறுப்புகளையே மீண்டும் எடுத்து ஆராய்தல் வேண்டும். அவ்வாராய்ச்சியின்றி மீன்பிடிக் கொள்கை வகுப்பது அறிவியலாகாது.