பெரிய ரேடியேற்றர் பூட்டினால் இயந்திரத்தின் வலு கூடுமா?

காலபோக விதைப்புக்கு முன்னர் உழவு இயந்திரம், வான், பழைய கார் எல்லாம் திருத்துமிடத்துக்குப் போகும் காலம் இது. அங்கே அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. “உந்த ரேடியேற்றரைக் கழற்றிப்போட்டுப் பெரிசாய் ஒன்று பூட்டுங்கோ அண்ணை. எஞ்சின் இழுக்கிற இழுவையைப் பிறகு பாருங்கோ.”

சொந்தக் காணியை விட்டு வந்த பல குடும்பங்களுக்கு, கையில் எஞ்சிய முதல் என்பது ஓர் இயந்திரம் மட்டுமே. குத்தகைக் காணியை உழுவதும், கூலிக்குப் போய்ப் பெட்டி இழுப்பதும், சந்தைக்கு மரக்கறி ஏற்றுவதும் அதனால்தான். அதற்குச் செலவிடும் பணம் விதைநெல்லுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் உரிய பணத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. ஆகவே இந்த ஆலோசனை சரியானதா என்று ஆராய்ந்து பார்ப்போம்.

ரேடியேற்றரின் வேலை என்ன?

எரிபொருள் எரியும்போது உண்டாகும் வெப்பம் முழுவதும் சில்லைச் சுற்றப் பயன்படுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகைக் குழாய் வழியே போகிறது. மீதியில் பெரும்பகுதியை இயந்திரத்தைச் சுற்றி ஓடும் நீர் வாங்கிக்கொள்கிறது. அந்த நீர் ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள் இறங்கும்போது, குழாய்களுக்கிடையே உள்ள தகடுகள் வழியே காற்று புகுந்து வெப்பத்தைக் கொண்டு செல்கிறது. குளிர்ந்த நீர் மீண்டும் இயந்திரத்துக்குத் திரும்புகிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ரேடியேற்றர் வெப்பத்தை வெளியேற்றுகிறதே தவிர வலுவை உண்டாக்குவதில்லை. வலு உண்டாவது சிலிண்டருக்குள். எவ்வளவு காற்றும் எவ்வளவு எரிபொருளும் உள்ளே போய் எவ்வளவு நன்றாக எரிகின்றன என்பதே வலுவைத் தீர்மானிக்கிறது. எமது வயல்களில் நன்கு பழக்கமான மசி பேர்குசன் 135 இன் மூன்று சிலிண்டர் டீசல் இயந்திரம் ஏறத்தாழ 45 குதிரைவலு தருவது. அதற்கு இரட்டை மடங்கு பெரிய ரேடியேற்றரைப் பூட்டினாலும் அது 45 குதிரைவலு இயந்திரமாகவே இருக்கும்.

கூடக் குளிர்ந்தாலும் கெடுதி

பெரும்பாலான இயந்திரங்கள் நீரின் வெப்பம் 80 பாகை முதல் 95 பாகை செல்சியஸ் வரை இருக்கும்போதே நன்றாக ஓடும்படி செய்யப்பட்டுள்ளன. அந்தச் சூட்டைப் பேணுவதற்கு நீர்வழியில் ஒரு சிறு வால்வு உண்டு. அதைத் தேமோஸ்ரற் என்பார்கள். நீர் போதிய அளவு சூடேறும்வரை அது மூடியிருக்கும், பின்னர் திறக்கும். அந்த வால்வு ஒழுங்காக வேலை செய்யும்போது ரேடியேற்றர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இயந்திரம் பழைய சூட்டிலேயே ஓடும். பெரிய ரேடியேற்றருக்குக் கொடுத்த பணத்துக்கு அங்கே பயன் இல்லை.

சூட்டுக்குப் பயந்து இந்த வால்வையே கழற்றி எறிபவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் இயந்திரம் நெடுநேரம் குளிராகவே ஓடும். எரிபொருள் முழுதாக எரியாது, செலவு கூடும். எஞ்சின் ஒயிலில் ஈரமும் கசடும் சேரும், சிலிண்டர் விரைவில் தேயும்.

சூடு இயந்திரத்துக்கு வேண்டியது என்பதை எமது மூத்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அக்காலத்தில் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, இயந்திரம் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, இழுவையும் இராது. மண்ணெண்ணெய் வகை எண்ணெயில் ஓடிய பழைய உழவு இயந்திரங்கள் பலவற்றில், வேண்டிய சூட்டைப் பிடித்து வைக்க ரேடியேற்றரின் முன்னே மறைப்பும் பூட்டியிருந்தார்கள்.

அப்படியானால் சிலருக்கு இழுவை கூடியது எப்படி?

“நான் மாற்றினேன், வித்தியாசம் தெரிந்தது” என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய பழைய ரேடியேற்றர் அடைபட்டிருந்திருக்கும். மிகைச் சூடேறிய இயந்திரம் வலுவை இழக்கும். உள்ளே போகும் காற்று சூட்டினால் ஐதாகிவிடும், எஞ்சின் ஒயில் நீர்த்துப்போகும், பெற்றோல் இயந்திரத்தில் ‘டக் டக்’ என்று தட்டும் சத்தம் எழும். இக்காலப் புதிய வாகனங்களில் உள்ள கணினி, சூடு எல்லை மீறியதும் இயந்திரத்தைக் காப்பதற்காகத் தானே வலுவைக் குறைத்துவிடும். புதிய ரேடியேற்றர் பூட்டியதும் இழந்த வலு திரும்பி வருகிறது. புதிதாக வலு எதுவும் சேர்வதில்லை. அடைப்பை நீக்கியிருந்தாலும் அதே பலன் கிடைத்திருக்கும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. ரேர்போ பூட்டிய டீசல் வாகனங்கள் பலவற்றில் ரேடியேற்றரைப் போலவே தோன்றும் இன்ரகூலர் என்ற ஒரு பாகம் இருக்கும். அது நீரைக் குளிர்விப்பதற்கு அல்ல, சிலிண்டருக்குள் போகும் காற்றைக் குளிர்விப்பதற்கானது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. ஆகவே அந்தப் பாகத்துக்கும் வலுவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இரண்டையும் ஒன்றென எண்ணக் கூடாது.

எமது இடங்களில் ரேடியேற்றர் ஏன் அடைபடுகிறது?

முதற்காரணம் நீர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டப்பட்டவை. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதே ரேடியேற்றர்க் குழாயிலும் இயந்திரத்தின் உள்வழிகளிலும் படிகிறது. செம்பு கடத்தும் வெப்பத்தில் நூற்றில் ஒரு பங்கைக் கூட இந்தப் படிவு கடத்தாது. கடலோரத்து உவர் நீரோ உலோகத்தை அரித்துத் துருவாக்கும்.

இரண்டாவது காரணம் வயல். சூடடிக்கும் காலத்தில் பதரும் வைக்கோல் தூளும், உழும்போது சேறும் புழுதியும் தகடுகளுக்கிடையே அடைத்துக்கொள்கின்றன. காற்று புகாத ரேடியேற்றர் எவ்வளவு பெரிதானாலும் உதவாது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, வாகனங்கள் சனத்தோடு சனமாக ஊர்ந்தே போக நேர்ந்தது. பாரம் கூடி வேகம் குறைந்தால் ஓட்டத்தால் வரும் காற்று இல்லாமற் போகும். அந்நேரம் காற்றாடி ஒன்றுதான் துணை. அதன் பெல்ற் தளர்ந்திருந்தால் நீர் கொதிக்கத்தான் செய்யும்.

பணம் செலவிடும் முன் பார்க்க வேண்டியவை

சூடேறும் இயந்திரத்தை நன்றாக ஆறவிட்டு, பின்வரும் ஒழுங்கில் பாருங்கள். செலவு குறைந்தது முதலில் வருகிறது.

1. நீர் மட்டம் குறைந்துள்ளதா? குறைந்தால் எங்கே ஒழுகுகிறது என்று தேடுங்கள்.

2. தகடுகளை எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெல்லிய நீர்த் தாரையால் கழுவுங்கள். வேகமான தாரை தகடுகளை மடக்கிவிடும்.

3. காற்றாடி பெல்ற்றின் நடுவே பெருவிரலால் அழுத்துங்கள். ஏறத்தாழ அரை அங்குலம் இறங்கலாம். அதற்கு மேல் தொய்ந்தால் இறுக்குங்கள்.

4. மூடியின் இறப்பரையும் சுருள்வில்லையும் பாருங்கள். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் நீர் 100 பாகையில் கொதிக்காமல் இருக்கிறது. சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அழுத்தம் பிடிக்கும் மூடி கொதிநிலையை 110 பாகைக்குச் சற்று மேலே கொண்டுபோகும். பழுதான மூடியை மாற்றுவது சிறிய செலவு. அதே அளவு அழுத்தமுள்ள மூடியையே வாங்குங்கள்.

5. இறப்பர்க் குழாய்கள் வீங்கியோ வெடித்தோ சப்பையாகியோ உள்ளனவா?

6. தேமோஸ்ரற்றைக் கழற்றி நீருள்ள பாத்திரத்தில் போட்டுச் சூடாக்குங்கள். நீர் கொதிக்க முன் அது திறக்க வேண்டும். திறக்காவிட்டால் புதியது போடுங்கள்.

7. ஓடி நிறுத்திய இயந்திரத்தின் ரேடியேற்றர் முகத்தை, தொடக்கூடிய சூட்டுக்கு வந்ததும் கையால் தடவுங்கள். சில இடங்கள் மட்டும் குளிராக இருந்தால் அங்கே குழாய்கள் அடைபட்டுள்ளன. செம்பு, பித்தளை ரேடியேற்றராயின் தலைத் தொட்டியைக் கழற்றிக் குழாய்களுக்குள் கம்பி விட்டுத் துப்புரவு செய்விக்கலாம்.

8. நீரில் தொடர்ந்து குமிழி எழுந்தாலோ, எஞ்சின் ஒயில் பால் தேநீர் நிறமானாலோ ஹெட் காஸ்கெற் போயிருக்கலாம். அதற்கு ரேடியேற்றர் மருந்தல்ல. ஓட்டுவதை நிறுத்தி மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

நீர்த் தொட்டி வைத்த இரண்டு சக்கர உழவு இயந்திரங்களின் கதை வேறு. அவற்றில் நீர் கொதித்து ஆவியாகிப் போவதே குளிர்விக்கும் முறை. கொதிப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம், தொட்டி வற்றாமல் பார்த்தாற் போதும்.

பெரியது எப்போது வேண்டும்?

இயந்திரத்தின் வேலை உண்மையிலேயே கூடியிருந்தால் வேண்டும். முன்பு இருந்ததை விட வலுவான இயந்திரத்தை மாற்றிப் பூட்டியவர்கள், ரேர்போ சேர்த்தவர்கள், இல்லாத வாகனத்துக்குக் குளிரூட்டி பூட்டியவர்கள் பெரிய ரேடியேற்றரைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் அது தருவது வலுவை அல்ல, கூடிய வலுவில் நெடுநேரம் ஓடும் பாதுகாப்பை. மேலே சொன்ன அனைத்தும் சரியாக இருந்து, குழாய்கள் திருத்த முடியாதபடி அரித்துப்போயிருந்தால், அந்த இயந்திரத்துக்கு உரிய அளவிலான ரேடியேற்றரே போதும்.

நாளாந்தப் பாதுகாப்பு

கிணற்று நீருக்குப் பதிலாகத் துப்புரவாகச் சேர்த்த மழைநீரை விடுங்கள். வசதியுள்ளவர்கள் துருவைத் தடுக்கும் குளிர்விப்புத் திரவத்தைக் கலந்து விடலாம். அது இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. பிள்ளைகளும் ஆடுமாடுகளும் அணுகாத இடத்தில் வையுங்கள், கழித்ததைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள்.

சூடான ரேடியேற்றரின் மூடியை ஒருபோதும் திறவாதீர்கள். பீறிடும் நீராவி முகத்தையும் கண்ணையும் அவித்துவிடும். கொதிக்கும் இயந்திரத்துக்குள் குளிர் நீரை ஊற்றவும் வேண்டாம். சிலிண்டர்த் தலை வெடித்தால் ரேடியேற்றரின் விலையைப் போலப் பல மடங்கு செலவு வரும்.

ஓர் இயந்திரத்தைக் கூட்டாக வைத்திருக்கும் குடும்பங்கள் இந்த எட்டையும் ஒரு கொப்பியில் எழுதி, பார்த்த திகதியையும் குறித்து வையுங்கள். திருத்துமிடத்தில் புதிய ரேடியேற்றர் வேண்டும் என்று சொன்னால் அந்தக் கொப்பியைக் காட்டி, எட்டில் எது பழுது என்று கேளுங்கள். பதில் கிடைத்த பின் பணத்தை எடுங்கள்.