22 வெற்றி சரி, யாரோட ஆடி?



இந்த வார எபிசோடில் ரேங்கிங் அல்காரிதம் பற்றிப் பேசினோம். நேரம் போதாமல் விட்டுப்போன ஒரு உதாரணம் இங்கே: அமெரிக்க காலேஜ் ஐஸ் ஹாக்கி.

ரெண்டு டீம். ரெண்டுமே 34 மேட்ச்ல 22 ஜெயிச்சிருக்குன்னு வச்சுக்குவோம். ஒண்ணு டென்வர், நார்த் டகோட்டா இருக்கிற என்.சி.எச்.சி. கான்ஃபரன்ஸில் ஆடியது. இன்னொண்ணு அட்லாண்டிக் ஹாக்கி அமெரிக்காவில் ஆடியது. எது பெட்டர்?

இது சும்மா வாக்குவாதம் இல்லை. ஆண்கள் டிவிஷன் 1-ல் ஆறு கான்ஃபரன்ஸ், தேசியப் போட்டிக்கு 16 இடம். ஆறு சாம்பியன்கள் நேராக உள்ளே போவார்கள். மீதி 10 இடத்தையும் ஃபார்முலாதான் முடிவு செய்கிறது. கடைசி வருஷம் படிக்கிற பிளேயருக்கு, அதோடு ஹாக்கியே முடிஞ்சு போகலாம்.

சிக்கல் எங்கே? கான்ஃபரன்ஸுக்குள் ஒருத்தர் ஜெயிச்சா இன்னொருத்தர் தோற்கணும். அதனால் உள்ளே நடக்கும் மேட்ச்களின் மொத்தக் கணக்கு எப்பவும் 50 சதவீதம்தான். எல்லாரும் சூப்பரா ஆடினாலும் 50, சொதப்பினாலும் 50! கான்ஃபரன்ஸின் உண்மையான பலம், வெளி டீம்களோடு ஆடும்போதுதான் தெரியும். அந்த மேட்ச்கள்தான் பாலம்.

பாலங்கள் குறைவு. பிக் டென்னில் ஏழு டீம், ஒவ்வொருத்தரோடும் நாலு தடவை, ஆக 24 மேட்ச். 34 மேட்ச் வரம்பில் மிச்சம் 10. ஹார்வர்ட், கார்னெல் மாதிரி ஐவி லீக் டீம்களுக்கு வரம்பே 29. அதில் 22 இ.சி.ஏ.சி.க்குள் போய்விடும். மிச்சம் ஏழே ஏழு.

பழைய முறையான ஆர்.பி.ஐ. இப்படி: உங்க வெற்றி விகிதம் 25%, எதிரணிகளின் வெற்றி விகிதம் 21%, எதிரணிகளின் எதிரணிகளுடையது 54%. ரெண்டு படி பார்த்துவிட்டு நின்றுவிடும். அந்த விகிதங்களில் பெரும்பகுதி கான்ஃபரன்ஸுக்குள் சேர்ந்தது என்பதால் எல்லாமே 50 பக்கம் இழுபடும். பலவீனமான கான்ஃபரன்ஸ் இருப்பதைவிடக் கொஞ்சம் நல்லாத் தெரியும். இன்னொரு கூத்து: ரொம்ப வீக்கான டீமை ஜெயிச்சா உங்க ஆர்.பி.ஐ. இறங்கலாம்! அதனால் அப்படிப்பட்ட வெற்றிகளைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடும் விதி வந்தது.

கென் பட்லர் உருவாக்கிய 'க்ராக்' வேற வழி. 1952-ல் வந்த பிராட்லி-டெர்ரி மாடல்தான் அடிப்படை. உங்க ரேட்டிங் எதிரணி ரேட்டிங்கைப் பொறுத்தது, அவங்க ரேட்டிங் அவங்க எதிரணிகளைப் பொறுத்தது. எல்லா எண்களும் ஒத்துப்போகும் வரை கம்ப்யூட்டர் திரும்பத் திரும்பக் கணக்குப் போடும். விடையும் சுலபமாகப் புரியும்: 300 ரேட்டிங் டீம் 100 ரேட்டிங் டீமோடு நாலு தடவை ஆடினா, மூணு தடவை ஜெயிக்கும்னு எதிர்பார்க்கலாம். 2025-26 சீசனில் வந்த என்.பி.ஐ. முறையும் எதிரணியின் ரேட்டிங்கையே திரும்ப உள்ளே கொடுக்கும் வகைதான்.

ஆனா எந்தக் கணக்கும் ஜாதகம் இல்லை. 2018-ல் முதல் இடத்தில் இருந்த செயின்ட் கிளவுட் ஸ்டேட், முதல் சுற்றிலேயே ஏர் ஃபோர்ஸிடம் தோற்றது. 2019-ல் மறுபடியும் முதலிடம், மறுபடியும் முதல் சுற்றுத் தோல்வி, இந்தத் தடவை அமெரிக்கன் இன்டர்நேஷனலிடம். ஜெயிச்ச ரெண்டு டீமும் அட்லாண்டிக் கான்ஃபரன்ஸ்!

வாட்டர்லூ இன்ஜினியரிங்குக்கு அப்ளை பண்ணினவங்களுக்கு இந்த லாஜிக் பழக்கம். ஒன்ராறியோவில் ஒரு ஸ்கூலின் 95-உம் இன்னொரு ஸ்கூலின் 95-உம் ஒண்ணா? அங்கே போன பழைய மாணவர்களின் முதல் வருஷ மார்க் எவ்வளவு இறங்கியது என்பதை வைத்துத்தான் அவர்கள் சரிக்கட்டுகிறார்கள். அந்த முதல் வருஷம்தான் அங்கே பாலம்.

அடுத்த தடவை ஒரு ரேங்கிங் பார்த்தா, முதலிடம் யாருக்குன்னு தேடுறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க: இந்தக் குழுக்கள் நேருக்கு நேர் எத்தனை தடவை மோதியிருக்கு? உங்களுக்குத் தெரிஞ்ச வேற உதாரணம் இருந்தா ரிப்ளை பண்ணுங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.